டீசல் வண்டியின் ரேடியேட்டரில் மருந்து ஊற்றலாமா?

(டிராக்டர், சரக்கு வண்டி வைத்திருக்கும் உழவர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



உழவுக்கு ஒரு டிராக்டர், விளைந்த காய்கறியையும் வாழைத் தாரையும் தேங்காயையும் சந்தைக்குக் கொண்டு செல்ல ஒரு சரக்கு வண்டி என்று நம்மில் பலர் கடன் வாங்கியாவது வைத்திருக்கிறோம். எஞ்சின் ஆயிலை மாற்றுவதையும், டீசல் வடிகட்டியை மாற்றுவதையும் ஓரளவு தவறாமல் செய்து வருகிறோம். ஆனால் ரேடியேட்டரை மட்டும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தண்ணீர்தானே என்று பக்கத்துக் கிணற்றில் ஒரு குடம் மொண்டு ஊற்றிவிடுகிறோம்.

வண்டி சூடேறத் தொடங்கியதும் உதிரிபாகக் கடைக்குப் போகிறோம். அங்கே வகை வகையாக டப்பாக்கள் இருக்கின்றன. துரு பிடிக்காமல் இருக்க ஒன்று, ஒழுக்கை அடைக்க ஒன்று, சூட்டைக் குறைக்க ஒன்று, லைனரைக் காக்க ஒன்று. "இதை ஊற்றுங்கள், எஞ்சின் பத்து வருடம் கூடுதலாக ஓடும்" என்கிறார் கடைக்காரர். "அதெல்லாம் காசைக் கரியாக்கும் வேலை" என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இந்த உரையின் நோக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் பரிசோதனை செய்யாமல் உரம் இடக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். ரேடியேட்டர் மருந்தும் அப்படித்தான். உள்ளே என்ன தண்ணீர் இருக்கிறது, என்ன கூலண்ட் இருக்கிறது, எஞ்சின் எந்த வகையைச் சேர்ந்தது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் எந்த மருந்தையும் ஊற்றக் கூடாது. சில எஞ்சின்களுக்கு அது கட்டாயம் தேவை. பல எஞ்சின்களுக்குத் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் ஊற்றினால் அதுவே கெடுதல். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு?

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும். எரிந்த டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு வேலையாகக் கிடைக்கிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியில் பெரும் பகுதியைத் தண்ணீர்தான் சிலிண்டர் சுவரிலிருந்து வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விடுகிறது. இந்தப் பாதையில் எங்கே தடை ஏற்பட்டாலும் பிஸ்டன் இறுகுவது, ஹெட் கேஸ்கட் போவது, சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடுவது ஆகிய சேதங்கள் வரிசையாக வரும்.

தடைகளில் முதன்மையானது சுண்ணாம்புப் படிவம். உப்பு நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதைப் பெண்கள் நன்கு அறிவார்கள். அதே படிவம் எஞ்சினுக்குள்ளும் பிடிக்கிறது. வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் இந்தப் படிவம் கடத்தும். ஆகவே ஒரு மில்லி மீட்டர் படிவம் பிடித்தாலும், சிலிண்டர் சுவர் பல மடங்கு தடித்துவிட்டது போன்ற நிலைமை உண்டாகும். மீட்டரில் தண்ணீரின் சூடு சரியாகவே காட்டும். ஆனால் உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும்.

கிணற்று நீர் எஞ்சினுக்கு ஏற்றதா?

குடிக்க நல்ல தண்ணீர், பயிருக்கு நல்ல தண்ணீர், அது எஞ்சினுக்கு மட்டும் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்கைப் பாருங்கள்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லி கிராம் வரையில்கூட ஏற்றுக்கொள்ளலாம். குளோரைடு 250 மில்லி கிராம், வேறு வழியில்லாவிட்டால் 1,000 மில்லி கிராம்.

கனரக டீசல் எஞ்சின்களுக்குப் பரவலாகக் கூறப்படும் வரம்புகள் வேறு. கடினத்தன்மை 170 மில்லி கிராமுக்கு மேற்படக் கூடாது. குளோரைடு 40, சல்பேட் 100, கரைந்துள்ள மொத்த உப்புகள் 340 மில்லி கிராம். கார அமில நிலை 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இதைவிடச் சற்று தாராளமான அளவு கூறுகிறார்கள். எப்படியானாலும் குடிநீர் வரம்பைவிட இது கடுமையானது. குளோரைடைப் பொறுத்தவரை ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

உங்களில் பலர் பாசன நீரைப் பரிசோதித்து வைத்திருப்பீர்கள். அந்த முடிவில் மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் இருக்கும். அதை 640-ஆல் பெருக்கினால் லிட்டரில் ஏறத்தாழ எத்தனை மில்லி கிராம் உப்பு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மின்கடத்தும் திறன் 1 டெசி சைமன் என்றால் 640 மில்லி கிராம் உப்பு. பெரும்பாலான பயிர்கள் இந்த நீரில் நன்றாகவே விளையும். ஆனால் எஞ்சினுக்கு உரிய வரம்பைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. 0.5-க்கு மேல் இருந்தால் அந்த நீர் ரேடியேட்டருக்கு ஏற்றதல்ல என்று கொள்ளலாம். 0.5-க்குக் கீழ் இருந்தாலும் குளோரைடையும் கடினத்தன்மையையும் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நீரின் நிலை தெரியாவிட்டால் பக்கத்திலுள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரேடியேட்டரிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு போவதில்லை. லிட்டருக்கு 1,000 மில்லி கிராம் உப்புள்ள நீரைத் தினம் கால் லிட்டர் வீதம் நிரப்பி வந்தால் 100 நாளில் 25 லிட்டர் ஆகிறது. அந்த 25 லிட்டரிலிருந்த 25 கிராம் உப்பும் உள்ளேயே தங்கிவிடுகிறது. வடிகால் இல்லாத வயலில் உவர் ஏறுவது போலத்தான் இதுவும்.

ஆகவே முதல் வேலை நல்ல தண்ணீர். பாட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய நீர் மிகச் சிறந்தது. சுத்தமான கூரையிலிருந்து, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்து, துணியில் வடிகட்டி மூடி வைத்த மழைநீரையும் பயன்படுத்தலாம். கெட்ட தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மருந்து எதுவும் இல்லை என்பதை மனதில் கொள்ளுங்கள். உப்பு நீரில் மருந்தை ஊற்றினால் மருந்தின் ஒரு பகுதி அந்த உப்புடனே சேர்ந்து வண்டலாகப் படிந்து வீணாகும்.

லைனரில் துளை விழுவது எப்படி?

இனி மருந்து உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்கு வருவோம்.

டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் மூன்று விதமாக அமைந்திருக்கும். சில எஞ்சின்களில் பிளாக்கிலேயே நேராகக் குடைந்திருப்பார்கள். சிலவற்றில் பிளாக்குக்குள் மெல்லிய லைனரைச் செருகியிருப்பார்கள். இந்த லைனரைத் தண்ணீர் தொடாது. இதற்கு உலர் லைனர் என்று பெயர். மூன்றாவது வகையில் லைனரின் வெளிப்புறத்தைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும். இது ஈர லைனர். கனரக லாரி எஞ்சின்கள் பலவற்றிலும், சில டிராக்டர் எஞ்சின்களிலும் இந்த அமைப்பு உண்டு.

ஈர லைனரில் ஒரு விசேஷமான தொல்லை இருக்கிறது. டீசல் எரியும் வேகத்தில் பிஸ்டன் லைனரின் பக்கச் சுவரில் மோதுகிறது. அந்த மோதலில் லைனர், கோயில் மணியைப் போல் அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த அதிர்ச்சியில் லைனர் சுவர் தண்ணீரைவிட்டு ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதி நேரம் விலகுகிறது. அந்த இடத்தில் நுண்ணிய நீராவிக் குமிழிகள் தோன்றுகின்றன. சுவர் திரும்பி வரும்போது குமிழிகள் உடைகின்றன. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் லைனரின் மேல் ஊசி முனையால் குத்தியது போன்ற ஓர் அடி விழுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே நொடிக்குப் பல முறை அடி விழுகிறது. நாளடைவில் வெளிப்புறத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தோன்றி, அவை ஆழமாகி, கடைசியில் உள்ளே ஊடுருவித் துளையாகிவிடும்.

துளை விழுந்ததும் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் இறங்கும். ஆயில் பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் மோர் கலந்தது போல் வெளுத்திருக்கும். பேரிங்குகள் தேயும். எஞ்சினை இறக்கி, பிரித்து, லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டியதுதான். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். இது பெரும்பாலும் வேலை நெருக்கடியான காலத்தில்தான் வெளிப்படும். நாற்று முதிர்ந்து நிற்கும்போது டிராக்டர் பட்டறையில் நின்றால், தக்காளி பழுத்து நிற்கும்போது சரக்கு வண்டி நின்றால் வரும் நஷ்டம் எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தடுப்பதற்குத்தான் லைனர் காப்பு மருந்து. அதில் நைட்ரைட் என்ற உப்பும், சிலவற்றில் மாலிப்டேட் என்ற உப்பும் சேர்ந்திருக்கும். இவை லைனரின் வெளிப்புறத்தில் மிக மெல்லிய, கடினமான ஒரு பூச்சை உண்டாக்கும். குமிழி உடையும் அடி அந்தப் பூச்சின்மேல் விழும். பூச்சு கிழிந்த இடத்தில் நைட்ரைட் மீண்டும் பூச்சை உண்டாக்கும். இப்படி வேலை செய்யச் செய்ய நைட்ரைட் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் இடையிடையே சேர்க்க வேண்டியிருக்கிறது.

கூலண்டில் என்ன இருக்கிறது?

நம் ஊரில் பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். அங்கே ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து பிளாக்கையே பிளந்துவிடும். சமவெளியில் அந்தப் பயம் இல்லைதான். ஆயினும் கூலண்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமன்று.

பெரும்பாலான கூலண்ட்களில் எத்திலீன் கிளைகால் என்ற திரவமும், துருவைத் தடுக்கும் மருந்துகளும் கலந்திருக்கும். பாதி கிளைகால், பாதி தண்ணீர் என்ற கலவை திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 108 டிகிரியில் கொதிக்கும். வெறும் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதோடு அழுத்த மூடியும் சேரும்போது கொதிநிலை இன்னும் உயரும். சித்திரை வெயிலில் சுமையோடு மேடேறும் வண்டிக்கு இந்தச் சில டிகிரிகள் பெரிய பாதுகாப்பு.

கிளைகால் எளிதில் தேய்ந்துபோவதில்லை. அதிலுள்ள துருத் தடுப்பு மருந்துதான் தீர்ந்துபோகும். ஆகவே நிறத்தைப் பார்த்து "இன்னும் பச்சையாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது. நிறம் என்பது சாயம் மட்டுமே. எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கட்டுப்பாடு எதுவும் இல்லை. பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று சேர்த்து ஊற்றுவது சரியல்ல.

மருந்து எப்போது வேண்டும்? எப்போது வேண்டாம்?

டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் எண் பல டப்பாக்களில் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டே பாதி விடையைத் தெரிந்துகொள்ளலாம்.

1. டி 6210 என்று இருந்தால், அது கனரக டீசல் எஞ்சினுக்காக முழுமையாகச் சேர்த்த கூலண்ட். லைனரைக் காக்கும் மருந்து அதிலேயே இருக்கிறது. புதிதாக நிரப்பும்போது தனியாக மருந்து ஊற்ற வேண்டாம். காம்ப்ளக்ஸ் உரம் இட்ட வயலில் அன்றைக்கே மறுபடியும் அடியுரம் இடுவோமா? அது போன்றதுதான்.

2. டி 4985 என்று மட்டும் இருந்தால், அது கனரக டீசலுக்கான கூலண்டே ஆனாலும், லைனர் காப்பு மருந்தை நாம் தனியே சேர்த்தால்தான் முழுமை பெறும். ஈர லைனர் எஞ்சினில் இதை ஊற்றும்போது மருந்தையும் டப்பாவில் கூறிய அளவில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

3. டி 3306 என்று மட்டும் இருந்தால், அது கார்களுக்கும் இலகு வாகனங்களுக்கும் ஆனது. பிளாக்கிலேயே குடைந்த சிலிண்டர் உள்ள சிறு சரக்கு வண்டிகளுக்குப் பொதுவாக இது போதும். லைனர் மருந்து வேண்டியதில்லை. ஈர லைனர் உள்ள பெரிய எஞ்சினுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

4. கரிம அமில வகை, நீண்ட ஆயுள் கூலண்ட் என்று போட்டிருந்தால் அது வேறு முறையில் வேலை செய்கிறது. இதில் பழைய நைட்ரைட் மருந்தை ஊற்றக் கூடாது. அந்தக் கம்பெனியே அதற்கென்று கூறும் பொருளை, கூறும் காலத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். இதில் சாதாரண கூலண்டைக் கலந்தால் நீண்ட ஆயுள் என்ற பலன் போய்விடும்.

5. சில கனரக லாரிகளில் தண்ணீருக்கும் ஒரு வடிகட்டி இருக்கும். அதற்குள்ளேயே மருந்து இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும் வகையும் உண்டு. அந்த வடிகட்டியை மாற்றும்போது டப்பா மருந்தையும் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகும்.

6. பம்பு செட் எஞ்சின்களில் சில, பம்பு இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு குழாய் வழியாக எடுத்து, எஞ்சினைச் சுற்றவிட்டு, வாய்க்காலில் விட்டுவிடும் வகை. இதில் மருந்து ஊற்ற இடமே இல்லை. ஊற்றினால் பயிருக்குத்தான் போகும்.

உங்கள் எஞ்சின் ஈர லைனர் வகையா என்பதை எப்படி அறிவது? வண்டியோடு கொடுத்த கையேட்டில் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால், எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அந்த வண்டியின் விற்பனையாளரிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பனி உறையாத நாடுகளில், கிளைகால் இல்லாமல் உப்பு நீக்கிய நீரோடு மருந்தை மட்டும் கலந்து பயன்படுத்தச் சில எஞ்சின் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். இது சிக்கனமான முறைதான். ஆனால் இதற்கு மருந்தின் அளவு வேறு. கையேட்டில் அப்படிக் கூறியிருந்தால் மட்டுமே செய்யுங்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும்?

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலன் என்று எண்ண வேண்டாம். போரான் குறைவான நிலத்தில் போரான் இட்டால் பயிர் செழிக்கும். அதே போரான் அளவு மீறினால் இலை கருகும். இங்கும் அதே கதைதான்.

மருந்து அதிகமானால் கரையாத உப்புகள் கூழ் போல் திரண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். தண்ணீர்ப் பம்பின் சீலில் உப்பு படிந்து அதை அறுத்து ஒழுக்கை உண்டாக்கும். பித்தளை ரேடியேட்டரில் ஈயப் பற்று வைத்த இடங்களையும் அரிக்கக் கூடும். மருந்து குறைந்தாலோ, பூச்சு சில இடங்களில் மட்டும் நின்று, பூச்சு இல்லாத இடங்களில் லைனர் குழிபடும். ஆகவே கூடுதலும் ஆகாது, குறைவும் ஆகாது.

அளவைக் கண்டறியப் பரிசோதனைத் தாள் கிடைக்கிறது. மண்ணின் கார அமில நிலை பார்க்கும் தாளைப் போன்றதே இது. ஆறிய கூலண்டில் நனைத்து, டப்பாவில் கூறிய நேரம் கழித்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நைட்ரைட் குறைவு என்று காட்டினால் அளந்து சேர்க்கலாம். சரியாக இருந்தால் சேர்க்க வேண்டாம். அதிகம் என்று காட்டினால் பரிசோதனையில் சரியாகும்வரை மருந்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை எஞ்சின் ஆயில் மாற்றும்போதும் இதைப் பார்ப்பது நல்ல பழக்கம். தாளில் காலாவதித் தேதி இருக்கும். பழைய தாள் தவறாகக் காட்டும். நைட்ரைட் இல்லாத கரிம அமிலக் கூலண்டில் இந்தத் தாளை நனைத்துப் பார்த்துவிட்டு, மருந்தே இல்லை என்று பதறி ஊற்றிவிடாதீர்கள்.

மற்ற மருந்துகள்

ஒழுக்கு அடைக்கும் மருந்து வழியில் மாட்டிக்கொண்டபோது ஊர் வந்து சேர உதவலாம். ஒழுக்கை அடைக்கும் பொருளுக்கு ஒழுக்கு எது, ரேடியேட்டர் குழாய் எது என்று தெரியாது. மெல்லிய வழி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் படியும். மஞ்சள் தூளைப் போட்டு ஒழுக்கை அடைக்கும் வழக்கமும் வண்டிக்காரர்களிடம் உண்டு. அதுவும் இதே வகைதான். ஊர் வந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிப் பற்று வைத்து, உள்ளே கழுவிவிட வேண்டும்.

சூட்டைக் குறைக்கும் மருந்து என்று ஒன்று விற்கிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் சூட்டை ஒரு நிலையில் வைப்பது தெர்மோஸ்டாட். ஆகவே அங்கே இந்த மருந்தால் பெரிய மாறுதல் காண முடியாது. கோளாறு உள்ள எஞ்சினில் கோளாறை மறைக்குமே தவிர நீக்காது.

முன்பெல்லாம் தண்ணீரில் கரையும் கட்டிங் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். துருவை அது தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அளவு மீறினால் ரப்பர் ஓஸ் உப்பிப் பிய்ந்து போகும். கூலண்ட் ஊற்றிய எஞ்சினில் இது வேண்டவே வேண்டாம்.

கூலண்ட் மாற்றும் முறை

இதுவரை கிணற்று நீரே ஊற்றி வந்தவர்கள் கீழ்க்கண்ட முறையில் மாற்றிக்கொள்ளலாம்.

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்துவிடுங்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கத்திலும் ஒரு வடிகுழாய் அல்லது திருகு இருக்கும். அதைத் திறக்காவிட்டால் பழைய நீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும்.

2. படிவம் அதிகமிருந்தால் உங்கள் ரேடியேட்டருக்கு ஏற்ற கழுவு மருந்தை டப்பாவில் கூறியபடி பயன்படுத்துங்கள். வாஷிங் சோடா கரைத்துக் கழுவும் பழைய முறை செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு உரியது. இப்போது பல வண்டிகளில் அலுமினிய ரேடியேட்டர் வருகிறது. சோடா அதை அரித்துவிடும். தரை கழுவும் ஆசிட் எந்த ரேடியேட்டருக்கும் ஆகாது.

3. தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். கடைசி முறை உப்பு நீக்கிய நீரால் கழுவுங்கள்.

4. அடர் கூலண்ட் வாங்கினால், 10 லிட்டர் கொள்ளும் எஞ்சினுக்கு முதலில் 5 லிட்டர் கூலண்டை ஊற்றி, பிறகு உப்பு நீக்கிய நீரால் நிரப்புங்கள். கழுவிய நீர் கொஞ்சம் உள்ளே தங்கியிருந்தாலும் அளவு கெடாமல் இருக்க இதுவே வழி. நேரடியாக ஊற்றும் கலவை வாங்கினால் அதில் தண்ணீர் கலக்கக் கூடாது. இதை ஊற்றுவதானால் கழுவிய நீர் முழுவதையும் வடித்துவிடுங்கள். அடர் கூலண்டைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றுவதும் தவறு. தண்ணீர் அளவுக்கு அது வெப்பத்தைச் சுமக்காது.

5. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள். தேதியையும் மணி மீட்டரின் அளவையும், கூலண்டின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை என்ன ஊற்றுவது என்ற குழப்பம் வராது.

சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியவை

டிராக்டர் சூடேறுவதற்குப் பல சமயம் தண்ணீர் காரணமே அல்ல. கதிரடிக்கும்போதும் புழுதி உழவின்போதும் வைக்கோல் தூசும் உமியும் ரேடியேட்டரின் முன்புறத்தை அடைத்துக்கொள்ளும். காற்று புகாமல் தண்ணீர் எப்படி ஆறும்? எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றாலோ மெல்லிய நீர்த் தாரையாலோ ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டி மீட்டர் முதல் ஒன்றரை சென்டி மீட்டர் வரை தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பெல்ட் நழுவும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஒரு மூடியின் விலை மருந்து டப்பாவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறையும் என்று சிலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும். டீசல் அதிகம் செலவாகும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் அதிகமாகும். கெட்டுப்போனால் புதியது போடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை

எத்திலீன் கிளைகால் கொடிய விஷம். அது இனிப்பாக இருக்கும் என்பதால் ஆபத்து அதிகம். ஏறத்தாழ 100 மில்லி லிட்டர் வயிற்றில் போனால் பெரியவர்களுக்கே உயிருக்கு ஆபத்து. குழந்தைகளுக்கும் நாய்க்கும் இன்னும் குறைந்த அளவே போதும். மீதியான கூலண்டைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வடித்த பழைய கூலண்டை வாய்க்காலிலும் குட்டையிலும் தொழுவத்தின் பக்கத்திலும் விடாதீர்கள். அகலச் சட்டியில் பிடித்து, கேனில் ஊற்றி மூடி, கழிவு ஆயிலை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திராமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகம் கெடுவது உடனே வெளியில் தெரியாது.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் நிற்கும் தண்ணீர், மூடி விலகியதும் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

முடிவாக

விவசாயப் பெருமக்களே, மருந்து ஊற்றலாமா என்ற கேள்விக்கு இப்போது நீங்களே விடை கூறலாம். முதலில் நல்ல தண்ணீர். அடுத்து, எஞ்சினுக்கு ஏற்ற கூலண்ட், சரியான அளவில். ஈர லைனர் எஞ்சினாக இருந்து, ஊற்றியிருக்கும் கூலண்டும் மருந்து கேட்கும் வகையாக இருந்தால் மட்டும், பரிசோதித்து அளந்து மருந்து. இந்த வரிசையில் முதலிரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்குச் செலவு செய்வது, களை எடுக்காத வயலில் மேலுரம் இடுவதற்குச் சமம்.

வீட்டுக்குப் போனதும் மூன்று காரியங்கள் செய்யுங்கள். கையேட்டைத் தேடி எடுத்து உங்கள் எஞ்சினின் லைனர் வகையைப் பாருங்கள். ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பாட்டில் பரிசோதனைக்குக் கொடுங்கள். கடையில் அடுத்த டப்பாவை வாங்குமுன் அதன் பின்புறத்தைப் படியுங்கள். அடுத்த உழவுக்குள் இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள்.